மாமா எடுத்த போட்டோ

பார்சிலோனாவுக்கு நானும் மனைவியும் போன டூரில் மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமா வந்திருந்தார். விபூதிக்கு மேல் டூர் கம்பெனித் தொப்பி. எந்தச் சுவரைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று அவர் குடியிருந்த கட்டடத்தை இடித்த பில்டர், வருடக்கணக்காக இழுத்தடித்ததில் வந்த பழக்கம்.

நூறு வருடத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய தேவாலயத்துக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்தோம். குங்குமப்பூச் சோறு அரைவேக்காட்டில் நறுக்கென்றிருந்தது.

“சாதத்தையும் பாதியிலயே நிறுத்திட்டான்!” என்ற மாமா, தேவாலயத்தைக் கிரேனோடு போட்டோ எடுத்தார். “பில்டருக்கு அனுப்பப்போறேன். வேலைன்னா இப்படி இருக்கணும்னு பாக்கட்டும்.”

“அனுப்பாதீங்கோ மாமா,” என்றாள் மனைவி. “அங்கேயே இன்னும் முடியலையேம்பான்.”

மாமா சட்டென்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

மாட்டுங்காவில் அவர் கட்டடம் இன்னும் மூன்றாம் மாடியிலேயே நிற்கிறது. அனுப்பித் தொலைத்துவிட்டாரோ?