சீட்டில் எழுதாத நாடு

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் கொழும்பு நிறுவனம் ஒன்றின் கிளை அது. நான் அங்கே கவுன்சிலர். என் மேசையில் இருந்த பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஊரில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை, "வெளிநாட்டு மிஸ்" என்றார்கள். முசலியில் பிறந்து, கொழும்பைத் தாண்டி எங்கும் போகாத எனக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் யாராவது சந்தையில் அப்படிக் கூப்பிட்டால் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

வேலைக்குச் சேர முதல் கொழும்பில் பயிற்சி தந்தார்கள். ஒரு நாட்டைத் தெரிவு செய்ய கோர்ஸ், ரேங்கிங், ஃபீஸ், விசா விதி, பகுதிநேர வேலை, குளிர் என்று எதை எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு குடும்பமே வந்தது. தாய், தகப்பன், மாமி, சித்தப்பா, இன்னும் யார் யாரோ. கதிரை போதாமல் கீழே சைக்கிள் கடையில் உட்கார ஒரு வாங்கு இரவல் எடுத்தோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ரேங்கிங் பற்றிப் பேசத் தொடங்கினேன். மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மிஸ். எங்கட ஆக்கள் இருக்கிற நாட்டில எது நல்லம்?"

அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. மன்னாரில் நாடு என்றால் ஆள். கனடா என்றால் பெரியப்பா, பிரான்ஸ் என்றால் சின்னம்மா, லண்டன் என்றால் அக்காவின் புருஷன். ஆள் இல்லாத நாடு வரைபடத்தில் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. இன்னொரு தகப்பன் தன் மகனை வன்கூவரில் படிக்கவிட்டு, ரொறன்ரோவில் தம்பி வீட்டில் தங்கவைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தார். ஒரே நாட்டில் இருந்தாலும் பிளேனில் போகவேண்டிய தூரம் என்று சொன்னேன். "கனடாவுக்குள்ளதானே மிஸ்? விடியப்புறம் ஒரு பஸ் இருக்கும்தானே?" என்று கேட்டார்.

அவரைப் பார்த்துச் சிரித்தேன்தான். ஆனால் பிழையான ஆசை இல்லை அது. போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. பிள்ளை போகிற இடத்தில் கதவைத் திறக்க ஒரு சொந்தம் இருக்க வேண்டும் என்று பெற்றவர்கள் நினைத்ததில் என்ன குறை?

2. மாதா சொன்ன கனடா

டிலானி, அரிப்பு என்ற கடற்கரை ஊர்ப் பிள்ளை. மன்னார் டவுனில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்தவள். மிருக வைத்தியம்தான் படிப்பேன் என்று நின்றாள். இங்கே பல்கலைக்கழகத்தில் அந்தப் பீடத்துக்குத் தேவையான இசட் ஸ்கோர் புள்ளி கொஞ்சத்தால் தவறிவிட்டது. தகப்பன் சூசை கடல் தொழிலாளி, அதிகம் பேசாத மனிதர். தாய் றீற்றா அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

"ஏன் பிள்ளை மிருக வைத்தியம்?" என்று கேட்டேன். இது நான் எல்லோரிடமும் கேட்பது.

"டவுன் றோட்டில கழுதையள் வாகனத்தில அடிபட்டு கால் முறிஞ்சு கிடக்கும் மிஸ். ஸ்கூலுக்குப் போகேக்க கிடக்கும், வரேக்கையும் அப்பிடியே கிடக்கும். சனம் சுத்திக்கொண்டு போகும். எனக்குச் சோறு இறங்காது."

"இவவின்ர கழுதைக்காகத்தான் நாங்கள் இவ்வளவு பேரும் அலையிறம்," என்றார் றீற்றா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "நாடு முடிவாப்போச்சு மிஸ். மாதா கனடா எண்டு சொல்லிப்போட்டா."

அவர்கள் சீட்டுப் போட்டிருந்தார்கள். வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்கு முன்னால், நாடுகளின் பெயர்களைத் துண்டுகளில் எழுதி மடித்துப் போட்டு, செபமாலை சொல்லி, வீட்டின் கடைக்குட்டியைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பது. வருவதை மாதாவின் சொல்லாக எடுத்துக்கொள்வார்கள். எங்கள் முஸ்லிம் வீடுகளில் முடிவெடுக்க முடியாமல் முட்டுப்பட்டால், அல்லாஹ்விடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுவோம். அதனால் எனக்கு இது புதினமாகத் தெரியவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கனடாவில் மிருக வைத்தியத்துக்குப் பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர ஏலாது. முதலில் பல்கலைக்கழகத்தில் வேறு படிப்புப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்போதும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் அருமை. இதைச் சொன்னேன்.

"அதுக்கென்ன மிஸ்," என்றார் றீற்றா. "என்ர தம்பி அங்கதானே. ஏதாவது ஒரு பிஸ்னஸ் டிப்ளோமாவுக்கு வரட்டாம். பிறகு அங்கயே நிரந்தரமா இருக்க பி.ஆர். எடுத்திட்டு விரும்பினதைச் செய்யலாமாம்."

டிலானி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த 'பிறகு' வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படிப் போன பிள்ளைகள் எத்தனையோ பேரை நான் கண்டிருக்கிறேன். கெட்டுப்போனார்கள் என்று சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருக்கிறார்கள். விரும்பியதைப் படித்தவர்கள் மட்டும் மிகக் குறைவு.

"என்னென்ன நாடு எழுதிப் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"கனடா, லண்டன், அவுஸ்திரேலியா, பிரான்ஸ்."

"இந்தியா எழுதேல்லையோ? தமிழ்நாட்டில அரசாங்க மிருக வைத்தியக் கல்லூரி இருக்கு. வெளிநாட்டுப் பிள்ளையளுக்கும் கொஞ்ச இடம் குடுக்கினம். நேரே சேரலாம்."

றீற்றா வாய்விட்டுச் சிரித்தார். "இந்தியா வெளிநாடோ மிஸ்? தலைமன்னாரில நிண்டு எட்டிப் பாத்தாத் தெரியும்!"

அதுவரை வாய் திறக்காத சூசை எழும்பினார். "அந்த நாட்டுக் கதை வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். ஜன்னலால் பார்த்தேன். சைக்கிள் கடை வாசலில் றோட்டைப் பார்த்தபடி நின்றார்.

றீற்றா குரலைத் தாழ்த்திச் சொன்னார். போர்க் காலத்தில் சூசை பெடியனாக இருந்தபோது குடும்பத்தோடு வள்ளம் ஏறி இராமேஸ்வரம் பக்கம் இறங்கியவர். பல வருடம் அகதி முகாமில் இருந்தவர். "அங்க இவரை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லையாம் மிஸ். அகதி, அகதி எண்டுதானாம். பிள்ளையையும் அப்பிடிக் கூப்பிடுவினம் எண்டு பயம்."

டிலானி மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நாங்கள் கேக்காத நாட்ட மாதா எப்பிடிச் சொல்லுவா?"

றீற்றாவின் கை தானாகக் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்தது. எங்கள் தலைமை அலுவலகம் தந்த ஃபைல் முழுவதையும் விரித்து வைத்திருந்தாலும் அந்த அம்மாவை நான் அசைத்திருக்க மாட்டேன். இந்தக் கேள்வி அசைத்துவிட்டது. "அது சரிதான்," என்றார். "மறைச்சுவைச்சுக் கேட்டது பிழைதான்."

3. மறுபடியும் சீட்டு

இந்தியாவையும் எழுதி இன்னொரு தரம் சீட்டுப் போடுவதற்குச் சூசை மறுக்கவில்லை. மாதா தன் பக்கம்தான் நிற்பார் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த நாள் டிலானி ஃபோன் எடுத்தாள். "மிஸ், திரும்பவும் கனடாதான் வந்தது."

அவளே தொடர்ந்தாள். "டிப்ளோமாவுக்கே அப்ளை பண்ணுங்கோ மிஸ். பிரச்சினை இல்லை."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபிப்பது? மாதாவோடு கோபிக்க எனக்கு உரிமை இல்லை. றீற்றா நேர்மையாகத்தான் கேட்டார். கடைசியில் கனடாவிலிருக்கும் அந்த முகம் தெரியாத மாமனை மனதுக்குள் நாலு வார்த்தை ஏசிவிட்டு கொம்பியூட்டரைத் திறந்தேன். கொழும்பிலிருந்த எங்கள் மனேஜருக்கு மட்டும் ஒரே சந்தோஷம், கனடா என்றால் கமிஷன் அதிகம். "கனடா ஃபைலோ? சுப்பர் மிஸ், உடன அனுப்புங்கோ," என்றார். நான் அன்று அனுப்பவில்லை. இன்டர்நெட் சிலோ என்று சொன்னேன். மன்னாரில் அப்படிச் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

4. சூசை தனியே வந்தார்

மறுநாள் கந்தோர் திறக்கும்போதே சூசை படியில் நின்றார். தனியே. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"மிஸ், அந்தக் கனடா அலுவலை நிப்பாட்டுங்கோ."

"ஏன் அண்ணன்?"

"காம்பில இருக்கேக்க எனக்குப் படிக்க விருப்பம். பள்ளிக்கூடத்தில சேத்தும்விட்டவை. என்ர ஐயா ஒருநாள் சொன்னார், நாளையில இருந்து பெயின்ற் அடிக்கப் போற ஆக்களோட போ எண்டு. நான் ஒண்டும் கதைக்கேல்ல. சரி எண்டுபோட்டுப் போனனான். சீட்டில கனடா வந்த உடன பிள்ளையும் சரி எண்டுபோட்டு உள்ளுக்குப் போட்டுது. அழேல்ல, சண்டை பிடிக்கேல்ல. அந்தச் சரி எனக்குத் தெரியும் மிஸ்."

டிலானியின் ஃபைலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன். "அப்ப மாதா சொன்னது?"

"மாதாட்டக் கதைச்சுப்போட்டன். ரெண்டு தரமும் உங்கட சொல்லு கனடாதான், நான்தான் மீறுறன், பிள்ளையோட கோவிக்காதேங்கோ, ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்து வாறன் எண்டு நேந்திருக்கிறன்."

"நடந்தா மன்னிப்பாவோ?"

"தாய்தானே மிஸ்," என்றார் சூசை. அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

அவருக்கு ஒரேயொரு கவலை மிச்சம் இருந்தது. மகளைத் தானே கொண்டுபோய்விட வேண்டும். ஆனால் தனக்கு விசா தருவார்களா? "அப்ப களவா வள்ளத்திலதானே போனனாங்கள். என்ர பேர் அங்க எங்கயாவது கிடக்கும்."

அதற்குப் பிறகு நடந்தது வழக்கமான ஓட்டம். இளம் கவுன்சிலர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வைத்தியம், மிருக வைத்தியம் மாதிரியான படிப்புகளுக்கு நாட்டைத் தெரிவு செய்ய முதல், அந்தக் கல்லூரியின் பட்டத்தை இங்கே வைத்தியர்களைப் பதிவு செய்யும் சபை ஏற்றுக்கொள்ளுமா என்று எழுதிக் கேளுங்கள். நான் அதைத்தான் முதலில் செய்தேன். ஏற்றுக்கொள்ளும் என்று பதில் வந்த பிறகே விண்ணப்பம் போட்டோம்.

மனேஜர் ஃபோன் எடுத்தார். "மிஸ், இந்தியா எங்கட லிஸ்ற்றிலேயே இல்லை. ஏன் சும்மா மினக்கெடுறீங்கள்?"

"லீவு எடுத்துப்போட்டு மினக்கெடுறன் சேர்," என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "சரி சரி, கந்தோரில இருந்தே மினக்கெடுங்கோ." நல்ல மனிதர்தான், கனடா என்றால் கொஞ்சம் தடுமாறுவார்.

ஆவணியில் சூசை மடுவுக்கு நடந்தார். றீற்றாவும் கூட நடந்தார். சீட்டில் வந்ததை மீறுவதில் தனக்கும் பங்கு வேண்டுமாம். டிலானிக்கு இடம் கிடைத்தது. அவளுக்கும் சூசைக்கும் விசாவும் வந்தது. நான் ஏசிய அந்த மாமன்தான் முதல் வருட ஃபீஸைக் கட்டினார். அவரை மனதுக்குள் ஏசியதால் மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

5. சென்னையிலிருந்து ஒரு ஃபோன் கோல்

அவர்கள் பறந்த நாள் எனக்கு வேலை ஓடவில்லை. பிள்ளையைப் பற்றிய கவலை இல்லை. தகப்பனை நினைத்துத்தான். எயார்போர்ட்டில் யாராவது ஒரு சொல் பிழையாகச் சொல்லிவிட்டால் அந்த மனிதர் மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவார் என்று பட்டது.

பின்னேரம் கோல் வந்தது. சுற்றிவர ஒரே இரைச்சல்.

"மிஸ், வந்திட்டம்."

"ஏதும் கேட்டவையோ அண்ணன்?"

"கேட்டவை. பாஸ்போட் பாக்கிற இடத்தில ஒரு ஆள், இந்தியாவுக்கு முதல் தரமா வாறீங்களா எண்டு கேட்டார். பொய் சொல்ல எனக்கு வரேல்ல. இல்லை, சின்னனில அகதியா வந்தனான் எண்டன்."

"ஐயோ. அதுக்கு?"

"என்னைப் பாத்தார். பிள்ளையைப் பாத்தார். இது யாரு எண்டார். என்ர மகள், மிருக டொக்டருக்குப் படிக்கக் கூட்டி வந்தனான் எண்டன்." மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சீல் குத்தித் தந்திட்டு, 'நல்லபடியா சேத்துவிட்டுட்டு வாங்க சார்' எண்டார் மிஸ். என்னை சார் எண்டவர்."

நான் ஃபோனை வைத்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கொஞ்ச நேரம் அழுதேன். அடுத்த குடும்பம் வாசலில் நின்றது. அவர்களிடம் கண்ணில் தூசி என்றேன்.

டிலானி இப்போது மிருக வைத்தியர். வன்னிப் பக்கம் அரசாங்க வேலை. பெரும்பாலும் மாடுகள்தான். டவுனுக்கு வரும் நாட்களில் கழுதைகளையும் பார்க்கிறாள்.

ஓய்வு பெறும் நாள்வரை, வந்த குடும்பங்களிடம் "எந்த நாட்டுக்குப் போக விருப்பம்?" என்று நான் முதலில் கேட்கவில்லை. அதற்குப் பதில் எல்லோரும் தயாராகக் கொண்டு வருவார்கள். "எந்த நாடு வேண்டாம்? ஏன் வேண்டாம்?" என்றுதான் கேட்டேன். சிலர் குளிர் என்பார்கள், சிலர் சண்டைபிடித்த மச்சான் அங்கே இருக்கிறான் என்பார்கள். சிலபேர் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வெளியே போவார்கள். அப்படி ஒருவர் போனால் அவருக்குப் பின்னால் நீங்களும் படியிறங்கிப் போங்கள். விண்ணப்பத்தைப் பிறகு நிரப்பலாம்.