கோபம் கேட்கிறதா?

சுந்தரேசன் எழுதியதை வாய்விட்டுப் படித்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். "கோவம் கேக்குதா, மஹி?"

"கோவம் இல்லப்பா. ஆனா 'தாங்கள்'னு போட்டிருக்கீங்களே, ஆளைத் தள்ளி நிறுத்தற மாதிரி இருக்கு."

'நீங்கள்' என்று மாற்றினார். இன்னொரு முறை படித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அனுப்பினார். குகட்பள்ளி வீட்டில் அவரும் மஹதியும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. 2012, ஒரு புதன்கிழமை.

ஹைதராபாத் தமிழர்களுக்கென்று இரண்டாயிரத்தில் மின்னஞ்சல் குழு தொடங்கியவர் அவர். அதற்கு அவர் வைத்த விதிகள் சில: ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாக அர்த்தம். கண்டிப்பதென்றால் தனி அஞ்சலில். அதற்கும் அடங்காத சண்டைக்கு ஸ்கூட்டரை எடுப்பார். கோபித்துக்கொண்டவரின் வீட்டு வாசலில் போய் நிற்பார். "சண்டை நக்கோ சார், வேண்டாம். காபி இருக்கா?"

"அடிச்சுக்கறவன் வீட்டுக்கெல்லாம் போய் காபி குடிக்கிற அட்மின் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்பார் மனைவி ரமணி.

குழு ஃபேஸ்புக்குக்கு மாறியது. யார் வீடு எங்கே என்று யாருக்கும் தெரியாத கூட்டம் சேர்ந்தது. புதிய அட்மின் கிருஷ்ணகுமார், நகரத்தின் மறுகோடியில் போலாரத்தில் இருந்த சூசைராஜைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டான். தினமும் பெரிய எழுத்தில் 'குட் மார்னிங்' போடுகிறார் என்று புகார்.

"அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று போனில் கேட்டார் சுந்தரேசன்.

"சொல்ல என்ன சார் இருக்கு? ஒரே க்ளிக். அவருக்குத் தகவல்கூட போகாது."

அன்று சுந்தரேசனுக்குச் சோறு இறங்கவில்லை. சூசைராஜ் மனைவியை இழந்தவர், தனிக்கட்டை. கண்புரை வேறு, சின்ன எழுத்து தெரியாது. "கதவைச் சாத்தினதுகூடத் தெரியாம வெளிய நிப்பாரே, மனுஷன்!"

புதன்கிழமை எழுதிய மன்னிப்புக் கடிதம் சூசைராஜுக்குத்தான். பதில் வரவில்லை. போன் அணைந்திருந்தது. அரைமணிக்கொரு தரம் எண்ணை அழுத்திக்கொண்டேயிருந்தார். "ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாரடைப்பு.

குழுவில் சுந்தரேசனுக்கான இரங்கல் பதிவின் கீழே 'ஆர்ஐபி' வரிசை நீண்டது. மஹதி அதில் சூசைராஜின் பெயரைத் தேடினாள். வெளியேற்றப்பட்டவருக்கு அந்தப் பதிவே தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. அவர் எண் அப்போதும் அணைந்தே இருந்தது. முகவரி எங்கும் இல்லை. வழி அப்பாவின் தலைக்குள் மட்டும் இருந்தது.

காரியங்கள் முடிந்ததும் போலாரம் பஸ் பிடித்தாள். இறங்கிய இடத்துக் கடையில் விசாரித்தாள். அப்படி ஒரு பெயரைக் கடைக்காரர் கேள்விப்பட்டதில்லை.

"ஃபோட்டோ உந்தா அம்மா?"

சூசைராஜின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து கைப்பேசியை நீட்டினாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ.