மாமல்லபுரம் மாநாட்டில் அடித்த மணி

உச்சியில் தட்டினால் ‘டிங்’ என்று ஒலிக்கும் மேசை மணியை எங்கே பார்த்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஓட்டல் கல்லாவில் பார்த்தாலும் அப்படித்தான். பாவம், கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும், இந்த அம்மா ஏன் முறைக்கிறாள் என்று.

செங்கல்பட்டு வட்டாரப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து, தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வு பெற்றவள் நான். அதற்குச் சில வருடங்கள் கழித்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் மண்டல மாநாட்டை மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் சங்கம் நடத்தியது. கடற்காற்றுக்காகவோ மதிய விருந்துக்காகவோ நான் போகவில்லை. ஒரே ஒரு தீர்மானத்துக்காகப் போனேன்.

திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த டீச்சருக்காகத்தான் அந்தத் தீர்மானம். நாங்கள் ஒருவரை ஒருவர் ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள், ஓய்வுக்குப் பிறகும் அது மாறவில்லை. பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு நேரில் போய், உயிரோடு இருக்கிறோம் என்று முகத்தைக் காட்ட வேண்டும். செங்கல்பட்டில் அந்த அலுவலகம் அப்போது மாடியில் இருந்தது.

நோய் வந்த முதல் வருடம் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அவரிடம் படித்த குப்பத்து ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சாய்ந்தது. மாராப்பு விலகிவிட்டது. சரிசெய்ய அவருக்குக் கை வரவில்லை, இடது கையால் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் முண்டியடித்துப் போய் இழுத்து விடுவதற்குள் படிக்கட்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். திரும்பி வரும்போது வேனில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என்னிடம் சொன்னார்.

“அடுத்த வருசம் என்னைத் தூக்காதீங்க டீச்சர். செத்துட்டேன்னு எழுதிக் குடுத்துடுங்க.”

அந்தச் சொல்தான் என்னை மாநாட்டுக்குத் துரத்தியது. படுத்த படுக்கையாக இருக்கிறவர்களை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்க்கட்டும், முடியாவிட்டால் கீழே தெருவாசல் வரைக்குமாவது இறங்கி வரட்டும். நான் கேட்டது அவ்வளவுதான். சங்கத் தலைவரிடம் முன்கூட்டியே சொன்னேன். “தாராளமாப் பேசுங்க டீச்சர், அஞ்சு நிமிசம் தரேன்” என்றார்.

அன்று காலை மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை பெண் உறுப்பினர்கள் வரவேற்க வேண்டுமாம். வேலையில் இருந்த காலத்தில் வேலைநிறுத்தம் செய்து கைதாகும்போது ஆண் பெண் பேதம் இல்லை, பன்னீர் தெளிக்க மட்டும் நாங்கள். விருந்தினர் வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். பிறகு பொன்னாடை தொடங்கியது. இவர் அவருக்குப் போர்த்த, அவர் இவருக்குப் போர்த்த, அந்தப் புழுக்கத்தில் மேடை முழுக்கச் சால்வையும் வியர்வையும். ஒவ்வொருவரும் ஆசிரியர் சமுதாயம் நாட்டின் முதுகெலும்பு என்று முழங்கினார்கள். நேரம் முடிந்தது என்று தட்டுவதற்குத் தலைவர் முன்னால் ஒரு மேசை மணி இருந்தது, யாருக்கும் அடிக்கவில்லை.

தலைவரும் பேசினார். “அன்று நாங்கள் காவலைக் கண்டு அஞ்சவில்லை” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வேலைநிறுத்தத்தில் எங்களைப் பிடித்து அடைத்ததும் இதேமாதிரி ஒரு கல்யாண மண்டபத்தில்தான். சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடத் தராத போலீசிடம், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று சண்டை போட்டு உப்புமா வரவழைத்தது எங்கள் டீச்சர். வந்த உப்புமாவில் முதல் தட்டு யார் கைக்குப் போனது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி மண்டபம் தூங்கி வழிந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். டீச்சரைத் தூக்கிப்போன நாற்காலியில் ஆரம்பித்தேன். படிக்கட்டைச் சொன்னேன். தூங்கியவர்கள் நிமிர்ந்தார்கள். படி திரும்புகிற இடத்துக்கு வந்தேன். நாற்காலி சாய்ந்தது என்று சொல்லி வாயை மூடவில்லை, தலைவர் மணியைத் தட்டினார்.

நான் நிறுத்திவிட்டேன்.

இதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். மணி அடித்தால் பாதிக் கணக்கில் சாக்பீஸைக் கீழே வைத்துப் பழகிய உடம்பு இது. வாய் தானாக மூடிக்கொண்டது. இல்லாத சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். கூட்டத்திலும் பாதிப் பேர் பீரியடு முடிந்த மாதிரி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். எழுந்த பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்கள். என் நாற்காலிக்கு வந்த பிறகுதான் தீர்மானத்தை வாசிக்கவே இல்லை என்பது உறைத்தது.

“சார், தீர்மானம்?” என்று நின்ற இடத்திலிருந்தே கேட்டேன்.

“செயற்குழுவுல பாத்துக்கலாம் டீச்சர், உக்காருங்க.”

அன்று கரவொலியோடு நிறைவேறிய கடைசித் தீர்மானம், சிறப்பு விருந்தினருக்கு நன்றி.

மாநாடு முடிந்து போகிற வழியில் டீச்சர் வீட்டில் இறங்கினேன். எனக்காகத் தலைவாரிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னா டீச்சர், சொன்னீங்களா?”

“பாதி சொன்னேன். மணி அடிச்சிட்டாரு.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். “பெல் அடிச்சா நிறுத்தத்தான வேணும்” என்று எனக்கே சமாதானம் சொன்னார். தலைவர் மேல் இருந்த கோபத்தைவிட அந்தச் சமாதானத்தின் மேல் வந்த கோபம் பெரிது. போலீசை எதிர்த்து நின்றவரும் நானும், ஒரு தகர மணிக்கு இப்படி அடங்கிப்போனோமே என்று இருந்தது.

செயற்குழு ஒன்றும் பார்க்கவில்லை. அடுத்த வருடமும் வேன், நாற்காலி, அதே நாலு பேர். மருந்து மாத்திரை வாங்க வேண்டுமே, செத்துட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் ஆகுமா? இந்தத் தடவை சேலையில் ஏழெட்டு ஊக்குக் குத்தி அழைத்து வந்தேன். படி திரும்புகிற இடத்தில் ஒருவன் மூச்சு வாங்கினான்.

“இன்னும் எத்தினி படி கீது டீச்சர்?”

டீச்சர் இடது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எறக்குங்கடா. நான் இங்கயே குந்திகினு கீறேன். என்னப் பாக்கணும்னா அவரு வரட்டும்.”

குறுகலான படி. நாற்காலியை வைத்ததும் மேலே போகிறவர்களும் நின்றார்கள், கீழே வருகிறவர்களும் நின்றார்கள். கீழே இருந்து தெரிந்த குரல் ஒன்று கேட்டது. தலைவர்தான். தன் முகத்தைக் காட்ட அவரும் அன்றைக்கே வந்திருந்தார்.

“கொஞ்சம் வழி வுடுங்க டீச்சர், எனக்கு அவசரம்.”

எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற என் பழைய குரலில், “நாற்காலி சாய்ந்தது” என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். மாராப்பைச் சொன்னேன். வேனில் அவர் சொன்னதைச் சொன்னேன். உப்புமாவையும் விடவில்லை. தலைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போக வழியும் இல்லை, தட்ட மணியும் இல்லை. தீர்மானத்தை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தபோது, சத்தம் கேட்டு அதிகாரி மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

அதிகாரியைக் கண்டதும் தலைவர் பழக்க தோஷத்தில் கைதட்ட ஆரம்பித்தார். டீச்சர் நாற்காலியில் இருந்தபடியே அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்குத் தட்டறதுக்கு ரெண்டு கை இல்ல சார். நீங்களும் தட்டாதீங்க.”