விட்ட இடத்திலிருந்து கதைப்பவர்

முள்ளியவளை அரிசி ஆலையில் முதலாளியோடு சண்டை பிடித்து வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். காற்றுப்போன மோட்டார்சைக்கிளைத் தள்ளியபடி ஒருவர் கூட வந்தார். தடித்த கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். பல நாடுகளில் கிளைகள் உள்ள நிவாரண நிறுவனமொன்றுக்கு, இணையத்தில் இயங்கும் மென்பொருள் எழுதுகிறாராம்.

வழியில் கண்ட எல்லோரிடமும் முன்பு நிறுத்திய இடத்திலிருந்தே கதைத்தார். "அக்கா, பிறகு மாடு கண்டு போட்டுதோ?" அதே வீதியில் வருடக்கணக்காக மூட்டை சுமந்த எனக்கு ஒருவரும் தலைகூட ஆட்டவில்லை. வயிறு எரிந்தது.

"எப்பிடி அண்ணை எல்லாற்றை கதையையும் கலக்காமல் வைச்சிருக்கிறியள்?"

"என்ரை வேலையும் அதுதான். ஒரே நேரத்திலை கனபேர் வந்து விண்ணப்பம் நிரப்புவினம், பாதியிலை விட்டிட்டுப் போவினம். ஆர் எதிலை விட்டதெண்டு மெசின் தனித்தனியா வைச்சிருக்க வேணும். ஒருத்தற்றை கதையை இன்னொருத்தருக்குக் காட்டினால் என்னை வேலையாலை கலைச்சுப்போடுவாங்கள்."

"திரும்பி வராத ஆக்கள்?"

"கொஞ்சநேரம் பாத்திட்டு அழிச்சுப்போடும்."

"அப்ப என்னை இந்த ஊர் எப்பவோ அழிச்சிட்டுது."

அவர் சிரித்தார். "நீர் ஆரோடையாவது கதை தொடங்கினனீரோ?"

அந்தக் கேள்வி கிளப்பிய எரிச்சலோடு மறுநாள் காலை, பரந்தன் போகும் பஸ்ஸில் கொண்டக்டராகச் சேர்ந்தேன். ஏறிய எல்லோரிடமும் நானே கதை கொடுத்தேன். தர்மபுரம் தாண்டியதும் ஒரு அம்மாவிடம், "மகளுக்குக் காய்ச்சல் சுகமோ?" என்றேன்.

"அது பின்னுக்கு இருக்கிறவவின்ரை மகள். நான் தர்மபுரத்திலை இறக்கச் சொல்லியெல்லோ சொன்னனான், விசரா! பஸ்ஸை நிப்பாட்டு!"

அந்த மனிதர் எப்படித்தான் கலக்காமல் வைத்திருந்தாரோ.