பூஜை போட்ட சிஸ்டம்

ஆயுதபூஜை அன்னிக்கு காலைல போன் தானா அப்டேட் ஆயி எந்திரிச்சுச்சு. செக்யூரிட்டி அப்டேட்டாம். மூணு வாரமா 'பொறகு பாத்துக்கலாம்'னு அமுத்தித் தள்ளிட்டிருந்தேன். அதுவா நாள் பாத்துப் போட்டுக்கிட்டு, எல்லா ஆப்ல இருந்தும் என்னய வெளிய தள்ளி உட்ருச்சு. என்ர போனுக்கே நான் யாருன்னு தெரியல. த்தூ.

அன்னிக்குனு பாத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள புனே கம்பெனிக்கு சர்டிபிகேட் எல்லாம் ஏத்தோணும். ஏத்துனா வேலை. இல்லைனா லிங்க் மூடிக்கும். ஸ்கேன் பண்ணி வெச்சிருந்ததோ திருச்செங்கோட்ல, நான் வேலை பாக்கற போர்வெல் ரிக் ஆபீஸ் சிஸ்டத்துல. நான் இருந்தது வாழப்பாடில, அக்கா ஊட்ல. ரிமோட்ல உள்ள போயி எடுத்துக்கலாம்னு தெனாவெட்டு. பி.இ. படிச்சுட்டு ரெண்டு வருசமா எந்த போர் எத்தனை அடின்னு டைப் அடிச்சுட்டிருக்கேன். புனே சமாச்சாரம் முதலாளிக்குத் தெரியாது.

ரிமோட் ஆப்பைத் தொறந்தா, 'ஆபீஸ் சிஸ்டத்துல வர்ற நம்பரைப் போடு'ங்குது. அந்த சிஸ்டம் ஆப்லைன். மணி மூணரை. வேற வழியில்லாம முதலாளிக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்ணா, சிஸ்டம் ஆன்ல இருக்குதுங்களா?"

"பூஜை போட்டாச்சு சாமி. ரிக்கு, கம்ப்ரஸரு, சிஸ்டம் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுப் படுக்க வெச்சாச்சு. நாளைக்குத்தான் தொடோணும்."

"பத்தே நிமிசங்ணா. அவசரமுங்க."

"ரிக்கே நிக்குது, உனக்கென்ன அவசரம்? சிஸ்டத்தைப் பாம்பு கடிச்சுருச்சா?"

"வண்டி பர்மிட் பேப்பருங்ணா. இன்னிக்குத்தான் கடைசி"னு வாய் கூசாம புளுகினேன்.

பாவம் மனுசன், ஊட்ல இருந்து கிளம்பிப் போயி, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஆன் பண்ணாரு. அந்தச் சனியனும் 'அப்டேட் ஆவுது, அணைச்சுராதீங்க'ன்னு முக்கா மணி நேரம் சுத்துச்சு. ஒருவழியா வந்த நம்பரை ஒவ்வொண்ணாப் படிச்சுச் சொன்னாரு. போட்டேன். உள்ள போயிட்டேன். மணி நாலு அம்பது.

பைலை எடுத்து, அந்த சிஸ்டத்துலயே புனே பக்கத்தைத் தொறந்து, ஏத்த ஆரம்பிச்சேன். நான் இங்க பண்றது அத்தனையும் அங்க ஸ்கிரீன்ல தெரியும்ங்கறது மண்டைல ஏறவே இல்லை. ஆபீஸ்ல எல்லாருக்கும் அதைச் சொல்லிக்குடுத்ததே நான்தான்.

போன் இன்னும் லைன்லயே இருந்துச்சு.

"சாமி, இது பர்மிட் மாதிரித் தெரியலியே. உன்ர போட்டோவல்லவா இருக்குது?"

"அது வந்துங்ணா..."

"புனேன்னு போட்ருக்குது?"

நான் ஏறுறதையே பாத்துட்டிருந்தேன். அறுபது சதம் ஏறியிருந்துச்சு.

"பூஜை போட்டதை எழுப்ப வெக்கறதுக்கா பொய் சொன்னே? கேட்டிருந்தா நானே ஏத்தி உட்ருப்பனேடா."

ரெண்டு வருசத்துல மொத தடவை 'டா' போட்டாரு. என் ஸ்கிரீன்ல மவுஸ் அம்பு தானா நகந்துச்சு. மெதுவா மூலைக்குப் போயி, ஷட்டவுன். கருப்பு.

திரும்பக் கூப்ட்டா எடுக்கல. அஞ்சு மணிக்கு லிங்க் மூடிக்கிச்சு.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்துல சிஸ்டத்தைத் தொறக்க போன ரெண்டு வருசமும் என்னயத்தான் கூப்ட்டாரு. கூப்புடல. ரிக் டிரைவர் வெச்ச வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பாத்தேன், என் சேர்ல வேற எவனோ உக்காந்துட்டிருந்தான்.