ஊறப் போட்ட அரிசியும் அணு உலையும்

கேளம்பாக்கத்தில் கோகிலவாணிக்கு ஒரு மாவுக்கடை. இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்பாள். வயது நாற்பத்தாறு, பதினெட்டு வருஷமாக அவளுக்கு இருந்த ஒரே எதிரி மின்வெட்டு. கடைக்குப் பின்னால் பெரிய கணினிக் கம்பெனி ஒன்று டேட்டா சென்டர் கட்டிய பிறகு அவளுக்கு ஆத்திரம் கூடிவிட்டது. தெருவே இருண்டு கிடந்தாலும் அந்தக் கட்டடம் மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும்.

புதிய அணுமின் நிலையத்துக்குப் பணம் போடப்போவதாக அந்தக் கம்பெனி அறிவித்து, ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் கூட்டியது. கோகிலவாணி எழுந்தாள்.

"சார், அணு கரண்டு எப்போ வரும்?"

"மினிமம் டென் இயர்ஸ் ஆகும்மா" என்றார் கம்பெனி அதிகாரி அனந்தகிருஷ்ணன்.

"காலைல நாலு படி அரிசி ஊறப் போட்டுக்கீறேன். பத்து வருசம் ஊறட்டுமா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. 'ஊறும் அரிசி: உள்ளூர்ப் பாதிப்பு' என்று குறித்துக்கொண்டார். அறிக்கை அமெரிக்காவில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போனது. மூன்றே வாரத்தில் தீர்வு வந்தது: அணு உலை வரும்வரை கோகிலவாணி டேட்டா சென்டருக்குள்ளேயே மாவு அரைத்துக்கொள்ளலாம்.

கழுத்தில் அடையாள அட்டையோடு போனாள். அதில் 'ஆலோசகர்' என்று போட்டிருந்தது. கிரைண்டர் நிற்காமல் ஓடியது. ஆனால் அரைத்த மாவை வெளியே எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அது வர இரண்டு நாள். அதற்குள் கணினிகளின் சூட்டில் மாவு பொங்கி, அண்டாவைத் தாண்டித் தரையில் வழிந்தது. அபாயச் சங்கு ஊதியது. நாற்பது பொறியாளர்கள் வாசலுக்கு ஓடினார்கள். கோகிலவாணி துடைக்கத் துணி தேடினாள்.

அன்றே அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் அனந்தகிருஷ்ணன் அவளைத்தான் முதலில் கேட்டார். "இப்ப சொல்லுங்கம்மா, நாங்க இன்வெஸ்ட் பண்ணலாமா, வேணாமா?"

"துட்டு வெச்சிக்கீறீங்க, போடுங்க சார். யாரும் போடலன்னா எதுவும் வராது. ஆனா துட்டு போட்டவங்க கையிலயே சுவிட்சும் இருந்தா, நாங்க மறுபடியும் இருட்டுலதான் குந்திக்கினு இருக்கணும். சுவிட்சு ஊருக்குள்ள இருக்கட்டும்."

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இரண்டு ஆட்கள் வந்து அவள் கடைச் சுவரில் பெரிய சிவப்பு சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினார்கள்.

"ஒயர் எங்கப்பா?"

"ஒயர் எங்க ஆர்டர்ல இல்லக்கா."

மறுநாள் மின்சாரம் போனது. மாவுக்கு நின்ற பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கோகிலவாணிக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் எழுந்துபோய் அந்தச் சிவப்பு சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள்.