தனியே நடக்கப் பழக்கிய மூன்று கிழமை

நான் கொழும்பில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறேன் என்றுதான் யாழ்ப்பாணத்தில் என் சொந்தக்காரர் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நினைக்க வைத்தவள் நானேதான். ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்த பிறகு எனக்குக் கிடைத்தது, கொட்டாஞ்சேனையில் முன்பு சரக்கு அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கிக்குள் நடந்த வகுப்பு. மற்றப் பள்ளிக்கூடங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பெண்பிள்ளைகள் ஏழு பேர். எழுத்து மண்டையில் ஏறாதவர்கள், பேச்சு சரியாக வராதவர்கள், சொன்னதை அடுத்த நிமிடமே மறந்துபோகிறவர்கள். அதை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணி முதல் நாளே என் புத்தகங்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தேங்காய் திருவும் திருவலையை என் முன்னால் வைத்தார். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு கையால்தான் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோழரையும் பாண்டியரையும் பக்கம் பக்கமாகப் பாடமாக்கியது இதற்குத்தானா? ஆனால் இரண்டு மாதத்தில் என் வாய் அடைத்துப்போயிற்று. எண்ணத் தெரியாத ஒருத்தி ஏழு பேருக்கும் பிசகாமல் ஏழு கோப்பை வைத்தாள். நாலு என்ற சொல்லே வராதவள் சேலையை நாலாக மடித்தாள். கரும்பலகையில் நான் ஒரு வருடம் மெனக்கெட்டிருந்தாலும் அது நடந்திராது. எனக்கு அந்தப் பெண்மணி மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

நான் தங்கியிருந்தது வெள்ளவத்தையில், ஒரு அரசாங்கக் கிளாக்கர் வீட்டின் பின்னறையில். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் வேலையால் திரும்பி வரும்போது சோற்றை ஒரு கோப்பையால் மூடி மேசையில் வைத்திருப்பார்கள். சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பேன். அந்த வீட்டில் நான் ‘பின்னறைப் பிள்ளை’, வகுப்பில் ‘டீச்சர்’. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கடற்கரைக் கல்லில் இருப்பேன். குடும்பம் குடும்பமாக வந்து காற்று வாங்கிவிட்டுப் போவார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வரும்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி கடலோரத்து முகத்துவாரத்திலிருந்து வந்தாள். பதினான்கு வயது, தாயில்லை, பேச்சு பத்துச் சொல்லுக்கு மேல் இல்லை. தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். தினமும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்த மாமி கலியாணம் முடித்து நீர்கொழும்புக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் தகப்பன் வந்து வாசலிலேயே நின்றார்.

“இனிமே பிள்ளைய அனுப்ப ஏலாது டீச்சர். நான் விடியவே வேலைக்குப் போகணும். கூட்டிட்டு வர ஆளில்ல.”

“அப்ப பகல் முழுக்க பிள்ளை என்ன செய்யும்?”

“வீட்டுக்குள்ள வச்சு வெளியால பூட்டிட்டுத்தான் போகணும். முந்தி ஒருநாள் கடலுக்குள்ள இறங்கிட்டா டீச்சர். இடுப்பளவு தண்ணியில நிண்டவ. தூக்கிக்கொண்டு வந்தது நான்தான்.”

அவர் கொடுமைக்காரர் இல்லை. எனக்கோ அந்தப் பூட்டிய கதவு கண்ணுக்குள் வந்து நின்றது. யோசிக்காமல் வாயை விட்டேன்.

“மூண்டு கிழமை தாங்கோ. தனிய நடந்து வர நான் பழக்கிவிடுறன்.”

அன்றிலிருந்து முதல் ரயிலில் கோட்டைக்குப் போய், ட்ராமில் ஏறி, மிச்சத் தூரத்தை நடந்து முகத்துவாரத்துக்குப் போனேன். அவள் தலை இழுத்துச் சீவி, சட்டை மாற்றி, படியில் நிற்பாள். அங்கிருந்து கிட்டங்கிவரை வழியைக் கையால் படித்தோம். பைப்படியில் குழாயைத் தொட்டுவிட்டு வலப்பக்கம் திரும்ப வேண்டும். கயிற்றுக் கடையில் தொங்கும் தும்புக் கயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு நேரே போக வேண்டும். கடைக்கார முஸ்லிம் நானா முதல் நாள் சத்தம் போட்டார், பிறகு அவள் வரும் நேரத்துக்கு ஒரு கயிற்றைத் தாழ்த்திக் கட்டிவைத்தார். பேக்கரியின் சுவர் அடுப்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். சூடு தெரிந்தால் இடப்பக்கம். அதற்கு அடுத்தது ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், அதைத் தாண்டினால் எங்கள் கிட்டங்கி வாசலின் பச்சைப் படலை. நான் பிள்ளையாரைக் கண்டால் நிற்காமல் போகிற பிறவி இல்லை. செருப்பைக் கழற்றி, குட்டிக் கும்பிட்டுவிட்டு, அவளுடைய தோளில் கையை வைத்து “வா, போவம்” என்பேன்.

உள்ளதைச் சொன்னால், அந்த மூன்று கிழமையும் நான் சந்தோஷமாக இருந்தேன். எனக்காக ஒருத்தி படியில் காத்து நின்றாள். தூரத்தில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் உயர்த்துவாள்.

நாள் வந்தது. தகப்பன் அரைநாள் லீவு எடுத்தார். அவள் முன்னால் போக, நானும் அவரும் ஐம்பதடி பின்னால் போவதாக ஏற்பாடு. கிட்டப் போகக் கூடாது, கூப்பிடக் கூடாது, எங்கேயாவது தடுமாறி நின்றால் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று தகப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் குழாயைத் தொட்டாள், திரும்பினாள். கயிற்றைப் பிடித்தாள். பேக்கரிச் சுவரில் உள்ளங்கையை வைத்து, இடப்பக்கம் திரும்பினாள். தகப்பன் மூச்சை இழுத்து விட்டார்.

கோயில் வாசலில் நின்றாள். வலது காலைத் தூக்கி உதறினாள், பிறகு இடது காலை. அவள் காலில் செருப்பே இல்லை, பிறந்ததிலிருந்து போட்டதும் இல்லை. இல்லாத செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு, நெற்றியில் மூன்று தரம் குட்டிக்கொண்டாள்.

“என்ன டீச்சர் இது? நாங்க வேதக்கார ஆக்கள்!” என்றார் தகப்பன்.

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். வழி பழக்குகிறேன் என்று போனவள் மாதாவைக் கும்பிடுகிற பிள்ளைக்குப் பிள்ளையாரைப் பழக்கிவிட்டிருக்கிறேன். அவருக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அதைப் பார்க்கவும் எனக்கு நேரம் இருக்கவில்லை. ஏனென்றால் அவள் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்கு மட்டும்தான் விளங்கியது. தோளில் என் கை விழ வேண்டும். அது விழாமல் அவளுக்கு வழி முடிந்துபோகிறது. குழாயைப் போல, சுவரைப் போல, என் கையையும் வழியில் ஒரு அடையாளமாக வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற மாட்டுவண்டியின் மறைவில் நாங்கள் ஒதுங்கினோம். வெயில் ஏறியது. ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

“போகாதீங்க டீச்சர். இண்டைக்குப் போனா ஒவ்வொரு நாளும் போகணும்.”

அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்ததும் என் நெஞ்சுக்குள் வந்தது பயம் இல்லை, ஆசை. அவள் அப்படியே நிற்கட்டும், நான் ஒவ்வொரு நாளும் போகிறேன் என்று நினைத்தேன். அவள் நின்றுவிட்டால் தகப்பன் சொன்னபடி அந்தப் பூட்டிய கதவுதான் அவளுக்குக் காத்திருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டேதான் அப்படி நினைத்தேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. அவள் மெல்லத் திரும்பிப் பக்கத்தைப் பார்த்தாள். நான் இல்லை. தன்னுடைய இடது கையைத் தூக்கித் தன் வலது தோளில் வைத்தாள். “வா, போவம்” என்றாள், என் யாழ்ப்பாண இழுவையோடு. பச்சைப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

தகப்பன் அழுதார். சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிள்ளையாரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குப் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துச் சொன்னார்.

“நாளையில இருந்து நீங்க வர வேணாம் டீச்சர்.”

“ஓம்” என்றேன்.

அடுத்த நாளும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. முதல் ரயில் போகிற சத்தம் கேட்டது. இனி அதில் போக வேண்டியதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, நேற்று நான் ஆசைப்பட்டதை நினைத்து வெட்கப்பட்டேன். அந்த ஆசை அப்போதும் போயிருக்கவில்லை.